டர்போ காரின் டவுன்பைப்பை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் முழுமையான வழிகாட்டி

டவுன்பைப், அதாவது டர்போவை ஒட்டிய முதல் புகைக்குழாய், அதை மாற்றுகிற வேலையில் முக்கால்வாசி, இருபது வருஷம் வெந்து துருவேறி இறுகிப்போன 5 நட்டு போல்ட்டுகளை முறிக்காமல் கழற்றுவதுதான். புதுக் குழாயை மாட்டுவது மிச்சமுள்ள கால்வாசி. பல வீடியோக்களில் இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும்; படம் பிடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரு தடவை கழற்றித் தளர்த்தி வைத்திருப்பார்கள். இந்த வழிகாட்டியில் கழற்றுவதற்குத்தான் அதிக இடம்.

எடுத்துக்காட்டாக 2002 முதல் 2007 வரையிலான சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸை எடுத்துக்கொள்கிறேன். வீட்டு வாசலில் வைத்து வேலை பார்க்க இதைவிட வசதியான டர்போ கார் குறைவு: எஞ்சின் தாழ்வாகப் படுத்திருக்கிறது, டர்போ அதன் பின்புறம் வலது பக்கம் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பானெட்டைத் திறந்து, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தூக்கினால் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். இந்தியாவில் இந்த மாடல் ஷோரூமுக்கு வந்ததில்லை. சுபாருவின் ஃபாரஸ்டர் மட்டும் ஒரு காலத்தில் செவ்ரோலெட் சின்னத்தோடு இங்கே ஓடியது. அதில் டர்போ கிடையாது. வேறு டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். எங்கே மாறும் என்பதைக் கடைசிக்கு முந்தைய பகுதியில் சொல்கிறேன்.

எதற்காக மாற்றுகிறோம்

டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் புகையைச் சைலன்சர் லைனுக்குக் கொண்டுபோகும் முதல் குழாய்தான் டவுன்பைப். கம்பெனிக் குழாய் ஒடுக்கமானது, வளைவுகள் அதிகம், நடுவில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் உண்டு. டர்பைன் சுழல்வதற்கு அதன் முன்னே இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் காரணம். பின்பக்க அழுத்தம் குறைந்தால் அதே அளவு புகையில் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும், குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும். டர்போ இல்லாத காரில் சைலன்சரை மாற்றிவிட்டு சத்தத்தை மட்டும் சம்பாதிக்கிறோமே, அந்தக் கதை இங்கே இல்லை. வித்தியாசம் நிஜமாகவே காலில் தெரியும்.

சிலர் பவருக்காக மாற்றுவதில்லை. பழைய குழாயின் வெல்டிங் விட்டுப்போயிருக்கும், அல்லது கன்வர்ட்டர் உள்ளே உடைந்து அடைத்துக்கொண்டிருக்கும். தகரத்தில் கல் உருள்வது போலச் சத்தம் கேட்டு, வண்டியும் மேலே இழுக்காமல் சோர்ந்துபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எந்தக் குழாய் வாங்குவது

கடையில் கேட்டால் 3 அங்குலக் குழாய், அதாவது 76 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது கிடைக்கும். இந்த டர்போவுக்கு அது தாராளம். விட்டத்தைவிட அதன் மேல் வாயின் வடிவத்தைக் கவனியுங்கள். டர்போவில் இரண்டு ஓட்டைகள் உண்டு: ஒன்று டர்பைன் வழி, இன்னொன்று அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வேஸ்ட்கேட் வழி. மணியின் வாய் போல விரிந்து இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வது ஒரு வகை. வேஸ்ட்கேட்டுக்கு மட்டும் தனிச் சிறு குழாய் வைத்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வகை. அந்தச் சிறு குழாய் கொஞ்சம் தப்பாக வெல்டிங் ஆகியிருந்தாலும் வேஸ்ட்கேட் மூடி முழுதாகத் திறக்காமல் இடித்துக்கொள்ளும். தெருவில் ஓட்டும் காருக்கு மணி வாய் போதும் என்பது என் முடிவு.

கன்வர்ட்டர் உள்ளதா, இல்லாததா? உள்ளதையே வாங்குங்கள். கன்வர்ட்டரை எடுத்துவிட்டுப் பொதுச்சாலையில் ஓட்டுவது அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அனுமதியில்லை. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. புகைச் சான்றிதழ் தனி. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கன்வர்ட்டர் இல்லாத காரின் பின்னால் சிக்னலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணெரிச்சல் தெரியும். 200 செல் அளவுள்ள (ஒரு சதுர அங்குலத்தில் 200 துளைகள்), புகையை அதிகம் தடுக்காத ஹை-ஃப்ளோ கன்வர்ட்டர் வைத்த குழாயில் கிடைக்கவேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஆனால் அதுவும் எல்லா ஊரிலும் தானாகச் சட்டபூர்வம் ஆகிவிடாது. உங்கள் ஊரில் அந்தப் பொருளுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வலதுபக்க ஸ்டீயரிங் வைத்த கார் என்றால் அதையும் சொல்லி வாங்க வேண்டும். இந்தக் காரில் டர்போ வலது பக்கம் இருப்பதால் ஸ்டீயரிங் தண்டும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் அதன் பக்கத்திலேயே வந்துவிடும். இடதுபக்க ஸ்டீயரிங்கை மனதில் வைத்துச் செய்த குழாய் சில நேரம் தண்டை உரசும்.

ரீமேப் செய்ய வழியில்லை என்றால் குழாயை வாங்காதீர்கள்

ரீமேப் என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் கணக்குகளைப் புதுக் குழாய்க்கு ஏற்ப மாற்றி எழுதுவது. இதைக் கடைசியில் ஒரு வரியாகச் சொல்வது வழக்கம். நான் முன்னாலேயே வைக்கிறேன். கம்பெனி ஈசியூ, கம்பெனிக் குழாயின் தடையைக் கணக்கில் வைத்துத்தான் வேஸ்ட்கேட்டைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. தடை குறைந்ததும் பூஸ்ட் எதிர்பார்த்ததைவிட மேலே போகும். ஒரு எல்லை தாண்டியதும் ஈசியூ பெட்ரோலை வெட்டிவிடும். ஓடும் காரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். அது நல்ல விளைவு. எல்லைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டு, பெட்ரோல் கலவை மெலிந்து, எஞ்சின் நாக் அடிக்க (கலவை நேரம் தப்பி வெடிக்க) ஆரம்பித்தால் அதுதான் ஆபத்து. 2006-லிருந்து அமெரிக்க டபிள்யூஆர்எக்ஸில் வந்த 2.5 லிட்டர் எஞ்சினின் பிஸ்டன்கள், ரிங் உட்காரும் பள்ளத்தின் ஓரம் உடைவதற்குப் பெயர்போனவை. ரீமேப்பில் மிச்சம் பிடித்து எஞ்சினையே பிரிக்கும்படி ஆகும்.

காப் நிறுவனத்தின் ஆக்சஸ்போர்ட், ஈசியூடெக், திறந்த மூலமான ரோம்ரைடர் என்று இந்தக் காரை ரீமேப் செய்ய வழிகள் நிறைய. ரீமேப் செய்து தரும் தெரிந்த டியூனரிடம் தேதி வாங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். குழாய் மாட்டிய நாளிலிருந்து டியூன் ஆகும் வரை ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஓட்டுவதுதான் நியாயம்.

தயார் செய்ய வேண்டியவை

10, 12, 14 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், அதுவும் 6 முனை உள்ளவை. 12 முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழித்துவிடும். நீளமும் குட்டையுமாக எக்ஸ்டென்ஷன்கள், ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், நீளக் கைப்பிடி பிரேக்கர் பார், இறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச், ஆக்சிஜன் சென்சாருக்கு 22 மில்லிமீட்டரில் பக்கவாட்டில் வெட்டுவிட்ட தனி சாக்கெட். ஒரு ஹைட்ராலிக் ஜாக்கியும் இரண்டு நல்ல ஜாக் ஸ்டாண்டுகளும். கண்ணாடி, கையுறை. துரு தளர்த்தும் எண்ணெய் வாங்கும்போது பெனட்ரேட்டிங் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்பிரே இந்த வேலைக்குக் காணாது.

டர்போ-டவுன்பைப் கேஸ்கெட்டும் கீழ் இணைப்புக்கான கேஸ்கெட்டும் புதிதாக இருக்க வேண்டும். குழாயோடு பொட்டலத்தில் வரும் மெல்லிய கேஸ்கெட்டை நம்ப வேண்டாம். சுபாருவின் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் விலை கொஞ்சம் கூடினாலும் வருஷக்கணக்கில் புகை கசியாது. அதோடு டர்போ முகத்துக்கு (டவுன்பைப் வந்து சேரும் தட்டையான பரப்பு) புது ஸ்டட் (தலையில்லாத போல்ட்டு), நட்டு ஒரு செட் கைவசம் இருக்கட்டும். அளவு எம்10, திரெட் இடைவெளி 1.25. ஹார்டுவேர் கடையில் எம்10 என்று மட்டும் கேட்டால் 1.5 இடைவெளிதான் கையில் வரும். இரண்டு சுற்று ஏறியதும் இறுகும், அதை இன்னும் முறுக்கினால் திரெட் காலி.

முந்தைய நாள் மாலை

வண்டி முழுதாக ஆறிய பிறகு, டர்போ பக்கத்து நட்டுகள், ஹீட் ஷீல்டு போல்ட்டுகள், கீழ் இணைப்பு, சென்சாரின் கழுத்து எல்லாவற்றிலும் பெனட்ரேட்டிங் ஆயிலை விடுங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை. துரு அதிகம் என்றால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ஆரம்பித்து, தினமும் வண்டியை ஓட்டி ஆறவிட்டு எண்ணெய் விடுவது நல்லது. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது எண்ணெய் திரெட்டுக்குள் இறங்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் புகையும், நாறும். பானெட்டைத் திறந்து வைத்து வெட்டவெளியில் ஓடவிடுங்கள்.

வண்டியைத் தூக்குவது

சமதளமான சிமென்ட் தரை வேண்டும். மண் தரையிலோ வெயிலில் இளகிய தார் மேலோ ஸ்டாண்டு புதையும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஓனர் மேனுவல் காட்டும் இடங்களில் மட்டும் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மறுபடி இறக்கிச் சரி செய்யுங்கள். இந்த வேலையில் பிரேக்கர் பாரைப் பிடித்து முழு பலத்தோடு இழுக்கப்போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, அடித்தட்டு பிளாஸ்டிக்கையும் எடுத்துவிடலாம்.

மேலிருந்து: இன்டர்கூலரும் ஹீட் ஷீல்டும்

இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கிறது. டர்போ பக்க ஹோஸ் கிளாம்ப், த்ராட்டில் பாடி பக்க கிளாம்ப், பைபாஸ் வால்வின் இரண்டு போல்ட்டுகள், இரண்டு ஓரங்களிலும் உள்ள 12 மில்லிமீட்டர் போல்ட்டுகள். இவற்றைத் தளர்த்தினால் மெல்ல ஆட்டி மேலே எடுத்துவிடலாம். ரப்பர் ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் கையால் திருகித் திருகி விடுவியுங்கள். அலுமினிய ஃபின்கள் விரல் பட்டாலே மடங்கும். எடுத்து வைக்கும்போது தரையில் துணி விரித்து வையுங்கள்.

இப்போது இரண்டு வாய்கள் திறந்து கிடக்கின்றன: டர்போவின் கம்ப்ரஸர் பக்கமும் த்ராட்டில் பாடியும். இரண்டையும் உடனே துணியால் அடைத்துவிடுங்கள். சிவப்போ மஞ்சளோ, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பெரிய துணியாக இருக்கட்டும். கறுப்புத் துணி என்றால் மாட்டும்போது எடுக்க மறந்துபோகும். ஒரு வாஷர் கம்ப்ரஸருக்குள் விழுந்து அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் டர்போவையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து, டர்போவின் சூட்டை மறைக்கும் தகடான ஹீட் ஷீல்டு. சின்ன போல்ட்டுகள்தான், ஆனால் மெல்லிய தகரத்தில் துருப்பிடித்து உட்கார்ந்திருப்பதால் இவைதான் முதலில் முறியும். இவை முறிந்தால் பதற வேண்டாம், பிறகு துளை போட்டுச் சரி செய்யலாம். எந்த போல்ட்டு எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் காரின் படத்தைக் கோடாகப் போட்டு, அதே இடத்தில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சார்

இந்தக் காரில் முன் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. டவுன்பைப்பில் இருப்பது பின் ஆக்சிஜன் சென்சார் மட்டும். அதன் வயரைப் பின்தொடர்ந்து போய் கனெக்டரை முதலில் பிரியுங்கள். கனெக்டரைப் பிரிக்காமல் சென்சாரைத் திருகினால் வயர் உள்ளேயே முறுக்கி அறுந்துபோகும். வெட்டுவிட்ட சாக்கெட்டை மாட்டி, வயரை வெட்டின் வழியே வெளியே விட்டு, ஒரே சீரான இழுப்பாக இழுங்கள். அசையவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். குழாய் வெளியே வந்த பிறகு தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு கழற்றுவது எளிது. கழற்றியதும் நுனியில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பக்கத்தில் சிலிகோன் சீலன்ட் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

அடியிலிருந்து: கீழ் இணைப்பும் தொங்கலும்

டவுன்பைப்பின் பின் முனை சைலன்சர் லைனோடு சேரும் இடத்தில் இரண்டு 14 மில்லிமீட்டர் போல்ட்டுகள், பெரும்பாலும் ஸ்பிரிங்கோடு. ஸ்பிரிங்கையும் போல்ட்டையும் பத்திரப்படுத்துங்கள், பல புதுக் குழாய்கள் அவற்றையேதான் கேட்கும். கியர்பாக்ஸோடு குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி வையுங்கள், முழுதாக எடுக்க வேண்டாம். மேலே டர்போ நட்டுகள் வந்ததும் கன்வர்ட்டரோடு சேர்ந்த முழு பாரமும் இறங்கும். அப்போது இந்த பிராக்கெட்டும், அடியில் ஜாக்கி மேல் வைத்த ஒரு மரக்கட்டையும்தான் உங்கள் நெஞ்சுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும்.

டர்போ முகம்

இங்கே அவசரம் கூடாது. முகத்தில் 5 பிடிமானங்கள். சில ஸ்டட்-நட்டு, சில போல்ட்டு, எல்லாவற்றுக்கும் 14 மில்லிமீட்டர் சாக்கெட். மேல் பக்கத்தில் இருப்பவை மேலிருந்தே எட்டும். கீழ்ப் பக்கத்தவற்றுக்கு அடியில் படுத்து, நீள எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் போட்டு மேல்நோக்கிப் போக வேண்டும். சாக்கெட் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே பலம் கொடுங்கள்.

முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசையுங்கள். துருவின் பிடி அதில் விட்டுப்போகும். பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்ததும் மறுபடி இறுகினால் பின்னோக்கிப் போய், எண்ணெய் விட்டு, திரும்ப முன்னே வாருங்கள். காதையும் கையையும் கவனியுங்கள்: நட்டு தளரும்போது 'டக்'கென்று ஒரு கூர்மையான சத்தம் கேட்கும். சத்தமே இல்லாமல் பார் மெல்ல மெத்தென்று திரும்பினால் ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கால் சுற்றில் முறியும். அங்கேயே நிறுத்துங்கள்.

அப்படி நின்ற நட்டுக்கு அடுத்த மருந்து சூடு. கையடக்க எரிவாயு டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கி, உடனே திருகலாம். ஆனால் டர்போவுக்கு எண்ணெய்க் குழாயும் கூலன்ட் ஹோஸ்களும் சில அங்குலம் தள்ளித்தான் ஓடுகின்றன. முந்தின நாள் விட்ட எண்ணெயும் தீப்பிடிக்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பக்கத்து ஹோஸ்களை ஈரத்துணியால் மூடுங்கள். டார்ச் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு நட்டுக்காக வண்டியை வெல்டிங் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே கழன்று வந்தால் அது நல்ல செய்தி, புதியதை மாட்டிக்கொள்ளலாம். ஸ்டட் முறிந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு நட்டுகளை அதில் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டைத் திருகினால் ஸ்டட்டும் சேர்ந்து வரும். ஏற்றத் திரெட்டே இல்லையென்றால், நீட்டும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்புவது பட்டறைக்காரர்களின் முறை. அந்தச் சூட்டிலேயே துருவும் விட்டுவிடும். முகத்தோடு முகமாக முறிந்துவிட்டால் டர்போவைக் கழற்றி மேஜையில் வைத்துத் துளையிடுவதுதான் ஒழுங்கான வழி. வண்டியிலேயே படுத்துக்கொண்டு கைத் துளைப்பானால் கோணலாகத் துளைத்தால் டர்பைன் ஹவுசிங் வீணாகும்.

ஐந்தும் வந்ததும் கட்டையோடு ஜாக்கியை மெல்ல இறக்கி, பிராக்கெட் போல்ட்டை எடுத்து, குழாயைப் பின்னோக்கிச் சாய்த்து அடிவழியே வெளியே எடுங்கள்.

மாட்டுவதற்கு முன் டர்போவைப் பாருங்கள்

இவ்வளவு தூரம் வந்தபின் இந்தச் சந்தர்ப்பத்தை விடக்கூடாது. டார்ச் லைட் அடித்து டர்பைன் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள்; தடையின்றிச் சுழல வேண்டும், இதழ்கள் ஹவுசிங்கை உரசக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிச் சாம்பலும் கறுப்புமாக உலர்ந்த கரி இருந்தால் சரி. பளபளவென்று ஈரமாக, விரலில் ஒட்டும் கறுப்பு இருந்தால் டர்போவின் சீலில் எண்ணெய் கசியலாம். அதைப் பார்க்காமல் புது கன்வர்ட்டரை அதன் கீழே மாட்டினால் கன்வர்ட்டர் சீக்கிரம் கெடும். வேஸ்ட்கேட் ஓட்டைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவே மயிரிழை விரிசல்கள் இந்த வகை டர்போக்களில் சாதாரணம். முகம் வரை ஓடி வந்த விரிசல் சாதாரணம் இல்லை.

முகத்தில் ஒட்டிய பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, வயர் பிரஷ்ஷால் சுத்தமாக்குங்கள். ஸ்டட் திரெட்டுகளையும் பிரஷ் போட்டு, புது நட்டு கையாலேயே கடைசி வரை ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு கேஸ்கெட் இல்லாமல் புதுக் குழாயை முகத்தில் பிடித்து, வேஸ்ட்கேட் மூடியை அதன் கம்பி வழியாகக் கையால் திறந்து பாருங்கள். எங்கேயும் இடிக்காமல் முழுதாகத் திறந்து மூட வேண்டும். இடித்தால் குழாயின் வாயைக் கொஞ்சம் அரைக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் மாட்டிவிட்டு, பூஸ்ட் கட்டுக்குள் நிற்கவில்லை என்று டியூனரைத் திட்டுபவர்கள் உண்டு.

மாட்டுவது

ஸ்டட்டுகளில் சூடு தாங்கும் நிக்கல் அல்லது காப்பர் ஆன்ட்டி-சீஸ் (திரெட் இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) மெல்லியதாகப் பூசுங்கள். சென்சார் திரெட்டில் சென்சாருக்கென்று உள்ளதை மட்டும், அதுவும் நுனியில் படாமல். கேஸ்கெட்டை ஸ்டட்டில் தொங்கவிட்டு, குழாயை அடியிலிருந்து ஏற்றி, ஒரு நட்டைக் கையால் பிடிக்க வையுங்கள். ஒருவர் அடியிலும் ஒருவர் மேலும் இருந்தால் இந்த நிமிஷம் சுலபம். தனியாள் என்றால் ஜாக்கியும் கட்டையும்தான் துணை.

எதையும் உடனே இறுக்காதீர்கள். 5 நட்டு போல்ட்டுகளும் கையால் ஏறட்டும், பிராக்கெட்டும் கீழ் இணைப்பும் தளர்வாகப் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது குழாயை ஆட்டி அசைத்து நேராக்கி, கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் தண்டு, தரைத் தகடு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் முறுக்கும்போது குழாயும் அசையும், அதனால் நின்றபடி இடிக்காதது ஓடும்போது இடிக்கலாம். சரியாக உட்கார்ந்ததும் டர்போ முகத்தை எதிரெதிராகக் குறுக்கே மாறி மாறி இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். சுபாரு சர்வீஸ் மேனுவல் இங்கே கொடுக்கும் அளவு 35 நியூட்டன் மீட்டர். அதன் பிறகு பிராக்கெட், கடைசியில் கீழ் இணைப்பு. இந்த வரிசை மாறினால் குழாய் விறைப்பாக நின்று, சில மாதத்தில் எங்கேயாவது வெல்டிங்கில் விரிசல் விடும்.

சென்சாரை மாட்டி, வயர் குழாயைத் தொடாதபடி கட்டுங்கள். புதுக் குழாயில் சென்சார் துளை இடம் மாறி வயர் எட்டவில்லை என்றால் வயரை இழுத்துக் கட்டாமல், நீட்டிப்பு வயர் வாங்கிப் போடுங்கள்.

ஹீட் ஷீல்டைத் திரும்ப மாட்டுவதா என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயம் மாட்டுங்கள். முழு பாரத்தில் டர்போவுக்கு வரும் புகையின் சூடு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வலதுபக்க ஸ்டீயரிங் காரில் பக்கத்திலேயே பிரேக் திரவம் இருக்கிறது. பழைய ஷீல்டு பொருந்தாவிட்டால் கொஞ்சம் வெட்டிப் பொருத்தலாம், அல்லது டர்போவுக்கென்று தைத்த போர்வை வாங்கலாம். பிறகு இன்டர்கூலர், அந்தச் சிவப்புத் துணிகள் இரண்டும் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

வண்டி வெட்டவெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டில் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தால் முதல் கால் மணி நேரம் குழாயிலிருந்து வெள்ளைப் புகை எழும். கைரேகை, எண்ணெய், தொழிற்சாலைப் பூச்சு எல்லாம் எரிவதுதான் அது. எரியும் ரப்பர் வாசனை வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள், ஏதோ வயரோ ஹோஸோ தொட்டுக்கொண்டிருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்'கென்று சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால் ஏதோ ஒரு முகத்தில் கசிவு. கண்டுபிடிக்க எளிய வழி: எஞ்சின் ஆறிய பிறகு, காற்று ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சர் வாயில் துணி சுற்றி வைத்து ஊதவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை பொங்கும் இடம்தான் கசிவு. கேபினுக்குள் புகை வாசம் வந்தால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0420 என்ற பிழைக் குறியீடு வந்தால், கன்வர்ட்டரின் திறன் குறைவு என்று பின் சென்சார் சொல்கிறது. ஹை-ஃப்ளோ கன்வர்ட்டர்களில் இது வரக்கூடியதுதான். சென்சாரைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர்களை இதற்கு மருந்தாக விற்கிறார்கள். அது விளக்கை அணைக்கும், புகையைச் சுத்தமாக்காது. புகையையே அளக்கும் சோதனை நிலையத்தில் அது உதவாது.

வேறு கார் என்றால்

ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, அதே குடும்ப 2.0 டிஎஸ்ஐ எஞ்சின் வைத்த ஆக்டேவியா வி-ஆர்எஸ் போன்றவற்றில் டர்போ எஞ்சினுக்கும் பின் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். 5 நட்டுகளுக்குப் பதில் வி வடிவ வளையக் கிளாம்ப் ஒன்றே முகத்தைப் பிடித்திருக்கும். கழற்றுவது சுலபம் போலத் தோன்றும், ஆனால் அந்தக் கிளாம்ப் ஒரு பல்லளவு கோணலாக உட்கார்ந்தாலும் கசியும். குழாயை வெளியே எடுக்க டிரைவ் ஷாஃப்ட்டின் ஹீட் ஷீல்டையும் சில நேரம் ஷாஃப்ட்டையுமே நகர்த்த வேண்டும். முதல் முறை டவுன்பைப்பில் கை வைப்பவர்கள் இந்தக் கார்களில் ஆரம்பிக்க வேண்டாம்.

பிறகு

சில நாள் ஓட்டி, பல தடவை சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த எஞ்சினில் டர்போ முகத்தையும் கீழ் இணைப்பையும் மறுபடி டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். புது கேஸ்கெட் அழுந்தி உட்கார்ந்ததில் நட்டு கொஞ்சம் தளர்ந்திருப்பது வழக்கம். இணைப்பைச் சுற்றி விசிறி போலக் கரி அடித்திருந்தால் அங்கே சின்னக் கசிவு இருக்கிறது.

பழைய குழாயை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அதன் கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. எடைக்குப் போடுகிற விலை அதற்குப் பொருந்தாது. அதைவிட, காரை விற்கும்போதோ தகுதிச் சான்றிதழுக்குக் கொண்டுபோகும்போதோ கம்பெனிக் குழாயைக் கேட்பார்கள். வாயைத் துணியால் கட்டி, கழற்றிய ஷீல்டு போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அதோடு சேர்த்துக் கட்டி, பரணில் ஏற்றிவிடுங்கள்.